பிறேக் பிடித்தால் உதறும் வாகனம்: மாற்றுவதற்கு முன் பாருங்கள்

வான்காரர் கராஜ் வாசலில் இறங்கியதும் கேட்ட முதற் கேள்வி, "ஐயா, இதை வித்தால் என்ன விலைக்குப் போகும்?" என்பதுதான்.

ஏ9 வீதியோரத்தில், தகரக் கொட்டில் ஒன்றில் நடக்கும் சிறிய கராஜ் அது. நடத்துபவர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர். வந்தவரோ சொந்த வயற்காணி இன்னும் கைக்கு வராத ஒரு விவசாயி. உறவினர் ஒருவரின் காணியில் குடிசை போட்டு இருக்கிறார். கிராமச் சங்கத்தில் கடன் எடுத்து, மனைவியின் நகையையும் அடகு வைத்து வாங்கிய பழைய டீசல் வான்தான் இப்போது அவருடைய வயல். விடிய முன்னம் அயலவரின் மிளகாயையும் மரக்கறியையும் சந்தைக்குக் கொண்டுபோவார். கிளினிக் நாட்களில் நோயாளர்களை வைத்தியசாலைக்கு ஏற்றிச் செல்வார்.

"ஏன் விக்கப் போறீர்?" என்று பெரியவர் கேட்டார்.

"பிறேக் போட்டால் ஸ்ரியறிங் கையிலை நிக்குதில்லை ஐயா. உதறுது. சனம் பயப்பிடுது. போன கிழமை கிளினிக்குப் போற ஆச்சி ஒராள், 'தம்பி, நான் பஸ்ஸிலை போறன்' எண்டு பாதி வழியிலை இறங்கிப் போட்டா."

ஒரு வருடத்துக்குள் இரண்டு தடவை பிறேக் பாட் மாற்றியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் சில கிழமைகள் உதறல் குறைந்து, பின்னர் திரும்ப வந்தது. ஒரு கராஜில் முன் சொக் அப்சோபர்களை மாற்றச் சொன்னார்கள். வேறொரு கராஜில் ஸ்ரியறிங் பெட்டியையே மாற்ற வேண்டும் என்றார்கள். அதற்குப் பணம் இல்லை. ஆகவேதான் விற்கும் எண்ணம்.

பெரியவர் வானைத் தொடவில்லை. ஒரு வாங்கைக் காட்டி, "இரும். முதலிலை கதைப்பம்" என்றார்.

தடைக் காலத்துப் பாடம்

பெரியவர் தொழில் பழகியது வலிகாமத்தில். 1990 யூன் மாதம் அங்கிருந்து இடம்பெயர்ந்தவர். அக்காலத்தில் யாழ்ப்பாணத்துத் தெருக்களில் ஓடியவை பெரும்பாலும் ஒஸ்ரின், மொறிஸ் போன்ற பழைய ஆங்கிலேயக் கார்கள். பொருளாதாரத் தடையினால் பெற்றோல் வராதபோது, சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். உதிரிப்பாகம் என்பது கனவு. ஒரு பாகத்தை மாற்ற வேண்டுமானால் அதை வேறொரு செத்த காரிலிருந்துதான் கழற்ற வேண்டும்.

"மாத்துறதுக்குச் சாமான் இல்லாததாலை நாங்கள் பாக்கப் பழகினம். இப்ப கடை நிறையச் சாமான் இருக்கு. அதாலை ஒருத்தரும் பாக்கிறேல்லை, மாத்தினம்" என்பது அவருடைய கருத்து.

இக்கட்டுரையில் நாம் சொல்ல விரும்புவதும் அதுவே. பிறேக் பிடிக்கும்போது உதறும் வாகனத்துக்குப் பணம் செலவிடுவதற்கு முன்னர், பணம் செலவில்லாமல் பார்க்கக்கூடியவை பல உண்டு. அவற்றை ஒழுங்கு முறைப்படி பார்த்தால், குறை எங்கே என்பதை வாகனமே சொல்லிவிடும்.

ஏன் உதறுகிறது?

ஓடும் வாகனத்தின் வேகத்தை, உராய்வினால் வெப்பமாக மாற்றுவதே பிறேக்கின் வேலை. டிஸ்க் பிறேக்கில், சில்லோடு சேர்ந்து சுழலும் இரும்புத் தட்டை இரண்டு பாட்கள் இரு பக்கமும் நெரிக்கின்றன. ட்றம் பிறேக்கில், சுழலும் இரும்புத் தொட்டியின் உட்சுவரை வளைந்த லைனர்கள் வெளிநோக்கித் தள்ளி அழுத்துகின்றன.

டிஸ்க் எங்கும் ஒரே தடிப்பாக இருக்கும்வரை பிடி சீராக இருக்கும். ஓர் இடத்தில் தடித்தும் ஓர் இடத்தில் மெலிந்தும் இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் பிடி ஒரு தடவை இறுகி ஒரு தடவை தளரும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வாகனம் ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 மீற்றர் ஓடுகிறது. ரயரின் சுற்றளவு 2 மீற்றர் என்றால், சில்லு செக்கனுக்கு எட்டுத் தடவை சுற்றுகிறது. அந்த எட்டு இழுப்புகளும் எட்டு விடுப்புகளுமே கையில் உதறலாகத் தெரிகின்றன. ட்றம் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவம் கொண்டாலும் இதுவே நடக்கும்.

எவ்வளவு வேறுபாடு இருந்தால் உதறும்? ஒரு கொப்பித் தாளின் தடிப்பு ஏறத்தாழ 0.1 மில்லி மீற்றர். அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 0.02 மில்லி மீற்றர் தடிப்பு வேறுபாடே உதறலை உண்டாக்கப் போதுமானது. கண்ணுக்கு அது தெரியாது. "டிஸ்க் பளபளப்பாக இருக்கிறது, ஆகவே நல்லது" என்று எவரும் சொன்னால் ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

புதுப் பாட் போட்டதும் உதறல் சில கிழமை குறைவதற்குக் காரணமும் உண்டு. புதுப் பாட் பழைய தட்டோடு முழுமையாகப் பொருந்த நாள் எடுக்கும். பொருந்தியதும் பழைய குறை மீண்டும் வெளியே வரும். நோய் இருப்பது தட்டில். மருந்து கொடுத்ததோ பாட்டுக்கு.

முதலில் ஓட்டிப் பாருங்கள்

ஓட்டுவதற்கு முன் மூன்று விடயங்கள். பிறேக் ஒயில் அளவு குறைந்திருக்கிறதா? பெடல் அடிவரை இறங்குகிறதா? இரும்போடு இரும்பு உரசும் சத்தம் கேட்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் ஓட்டிப் பார்க்க வேண்டாம். வாகனம் நிற்கும் இடத்திலேயே திருத்த வேண்டும். சில்லு நட்டுகள் இறுக்கமாக உள்ளனவா என்பதையும், ரயர்களின் காற்றையும் அப்போதே பாருங்கள். தளர்ந்த நட்டும் உதறும், அது உயிராபத்து.

பின்னர், ஆளில்லாத, காய்ந்த, நேரான தெருவில், பயணிகளையோ பாரத்தையோ ஏற்றாமல் இவற்றைச் செய்யுங்கள்.

1. பிறேக்கைத் தொடாமல் 50, 60 கி.மீ. வேகத்தில் ஓட்டுங்கள். அப்போதே நடுங்கினால், முதலில் பார்க்க வேண்டியது ரயர், சில்லு நெளிவு, சில்லுச் சமநிலை ஆகியவற்றை. பிறேக்கை அல்ல.

2. அதே வேகத்திலிருந்து மெதுவாகப் பிறேக்கை மிதியுங்கள். ஸ்ரியறிங் உதறினால் குறை பெரும்பாலும் முன் சில்லுகளில். ஸ்ரியறிங் அமைதியாக இருக்க, இருக்கையும் தளமும் நடுங்கினால் பெரும்பாலும் பின் சில்லுகளில். பெடல் காலைத் திரும்பத் திரும்பத் தள்ளினால், டிஸ்க்கோ ட்றமோ சீரற்றிருக்கிறது.

3. பின் சில்லுகளில் கை பிறேக் வேலை செய்யும் வாகனமாயின், 30 கி.மீ. வேகத்தில், கை பிறேக்கின் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே மெதுவாக இழுத்துப் பாருங்கள். பொத்தானை விட்டுவிடக் கூடாது. சில்லு இறுகினால் உடனே தளர்த்த வேண்டும். அப்போது உதறினால் குறை பின்னால். சில லொறிகளிலும் ஜீப்புகளிலும் கை பிறேக் சில்லில் அல்ல, கியர் பெட்டியின் பின்னே உள்ள தண்டில் வேலை செய்யும். அவற்றில் இப்பரிசோதனையை ஒருபோதும் செய்யக் கூடாது.

ஒரு விதிவிலக்கையும் சொல்ல வேண்டும். சில்லு இறுகி வழுக்காமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு உள்ள வாகனங்களில், மணலிலோ ஈரத்திலோ திடீரென்று பலமாகப் பிறேக் பிடித்தால் பெடல் படபடக்கும். அது அந்த அமைப்பு வேலை செய்வதன் அடையாளம், குறை அல்ல. காய்ந்த தெருவில் மெதுவாக மிதிக்கும்போது உதறுவதே குறை.

தொட்டும் தூக்கியும் பார்த்தல்

சிறிது தூரம் ஓடி நின்றதும், ஒவ்வொரு சில்லுக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுங்கள். இரும்பைத் தொட வேண்டாம். இடது முன் சில்லு வலதைவிட மிகவும் கொதித்தால், அங்கே பிறேக் முழுமையாக விடுபடவில்லை. கலிப்பர் இறுகியிருக்கலாம், கலிப்பர் அசையும் ஊசிகள் காய்ந்திருக்கலாம், அல்லது பிறேக் ஒயில் போகும் இறப்பர்க் குழாய் உள்ளே வீங்கி அடைத்திருக்கலாம். இவ்வாறு ஓயாமல் சூடேறும் டிஸ்க்கே விரைவில் சீர் கெடும்.

அடுத்து, முன் சில்லைத் தரையிலிருந்து தூக்குங்கள். மற்றச் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். ஜக்கை மட்டும் நம்பி வாகனத்தின் கீழ் போக வேண்டாம். உறுதியான பனங்குற்றி ஒன்றைச் சட்டத்துக்குக் கீழ் கொடுங்கள். ஜக் வழுக்கி வாகனத்துக்கு அடியில் மடிந்தோர் உண்டு.

சில்லின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், ஒருவரைப் பிறேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடியும் ஆட்டுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் தேய்ந்தது அல்லது தளர்ந்தது பெயாரிங். மிதித்தும் ஆடினால் போல் ஜொயின்ற், அல்லது பழைய கார்களில் கிங் பின். பின்னர் சில்லின் இடமும் வலமும் பிடித்து ஆட்டுங்கள். அங்கே ஆட்டம் இருந்தால் ஸ்ரியறிங் கம்பிகளின் முனைகளைப் பாருங்கள். இவை தேய்ந்திருந்தால், சிறு உதறலையும் பெரிதாக்கிக் கைக்குக் கொண்டுவரும்.

பெரியவரிடம் வந்த வானில் பெயாரிங் நல்லது. போல் ஜொயின்ற் நல்லது. ஸ்ரியறிங் கம்பிகளிலும் குறையில்லை. மாற்றச் சொன்ன ஸ்ரியறிங் பெட்டியில் எந்தப் பிழையும் இருக்கவில்லை.

கறள் செய்த வேலை

இந்நிலையில்தான் பெரியவர் தமது முக்கியமான கேள்வியைக் கேட்டார். "இந்த உதறல் தொடங்கிறதுக்கு முன்னம் முன் சில்லிலை என்ன வேலை செய்தனீர்?"

வான்காரர் யோசித்துச் சொன்னார். வாங்கிய முதல் வருடம் மழைக் காலத்தில் வான் ஐந்து மாதம் ஓடாமல் மரத்தடியில் நின்றது. டிஸ்க்குகள் இரண்டும் கறள் பிடித்துப் பழுதாகிவிட்டன. ஒரு கராஜில் புதிய டிஸ்க்குகள் போட்டார்கள். அதன் பின் இரண்டு, மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை. பிறகுதான் உதறல் தொடங்கியது.

"அப்ப டிஸ்க் புதுசு. அதுதான் ஒருத்தரும் அதைப் பாக்கேல்லை" என்றார் பெரியவர்.

வலது முன் சில்லைக் கழற்றினார். டிஸ்க்கை நட்டுகளால் ஹப்போடு சேர்த்து இறுக்கினார். அசையாத பாகத்தில் டயல் கேஜைப் பொருத்தி, டிஸ்க்கை மெதுவாகச் சுற்றினார். முள் 0.2 மில்லி மீற்றர் அசைந்தது. பெரும்பாலான வாகனங்களுக்கு 0.1 மில்லி மீற்றரே அதிகம். டிஸ்க் தள்ளாடிச் சுழல்கிறது என்பது இதன் பொருள்.

டயல் கேஜ் இல்லாதவர்கள், ஒரு தடித்த கம்பியை அசையாத பாகத்தில் இறுகக் கட்டி, அதன் முனையை டிஸ்க்கின் முகத்துக்கு மிக அருகே வைத்து, சுற்றும்போது இடைவெளி கூடிக் குறைகிறதா என்று பார்க்கலாம். பெரிய தள்ளாட்டம் மட்டுமே இதில் தெரியும். கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காகக் குறை இல்லையென்று முடிவு செய்யக் கூடாது.

தள்ளாடுவது டிஸ்க்கா, ஹப்பா? பெரியவர் தள்ளாட்டம் கூடிய இடத்தில் டிஸ்க்கிலும் ஹப்பிலும் சோக்கட்டியால் அடையாளம் இட்டார். டிஸ்க்கைக் கழற்றி, இரண்டு துளை தள்ளிப் பொருத்தி மறுபடி பார்த்தார். கூடிய இடம் டிஸ்க்கோடு நகரவில்லை, ஹப்போடு நின்றது. ஆகவே குறை ஹப்பின் பக்கம்.

டிஸ்க்கை மீண்டும் கழற்றி, ஹப்பின் முகத்தை வான்காரருக்குக் காட்டினார். ஓரமாக ஒரு பக்கம் மட்டும் சருகு போலக் கறள் பற்றியிருந்தது. புது டிஸ்க் போட்டவர் அதைச் சுரண்டவில்லை. அந்தக் கறளின் மேலேயே புது டிஸ்க் உட்கார்ந்திருந்தது.

இதனால் நேர்ந்தது இதுதான். டிஸ்க் மிகச் சிறிய சரிவோடு சுழன்றது. பிறேக் பிடிக்காமல் ஓடும்போதும், ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பாட்டில் உரசியது. ஆரம்பத்தில் எதுவும் தெரியவில்லை. ஆயிரக் கணக்கான கிலோ மீற்றர் ஓடிய பின், உரசிய இடம் மெலிந்தது. தடிப்பு வேறுபாடு உண்டானது. உதறல் பிறந்தது. வேலை செய்த அன்று தெரியாத பிழை, மூன்று மாதம் கழித்து வேறொரு குறை போல வந்து நின்றது. இதனாலேயே பலர் ஏமாறுகிறார்கள்.

திருத்திய முறை

இரண்டு ஹப்புகளின் முகத்தையும் கம்பி பிறஷினாலும் சாண்ட் பேப்பரினாலும் இரும்பு வெளிறும்வரை சுத்தம் செய்தார். டிஸ்க்கின் உட்புறத்தையும் அவ்வாறே செய்தார். ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் நடுவே கிறீஸையோ பெயின்ரையோ தடித்துப் பூசக் கூடாது. பூசினால் கறள் இருந்த இடத்தில் அது இருக்கும்.

கறளை நீக்கியதும் தள்ளாட்டம் நின்றது. ஆனால் டிஸ்க்கில் ஏற்பட்ட தடிப்பு வேறுபாடு போகாது. ஆகவே இரண்டு டிஸ்க்குகளையும் லேத்தில் கொடுத்து, இரு முகங்களிலும் மெல்லிய பட்டை சீவி எடுப்பித்தார். இவ்வாறு சீவும்போது ஓர் எல்லை உண்டு. எந்த அளவுக்குக் கீழ் மெலியக் கூடாது என்பது டிஸ்க்கின் ஓரத்திலோ நடுப் பகுதியிலோ மில்லி மீற்றரில் பொறிக்கப்பட்டிருக்கும். ட்றமில் எந்த உள்விட்டத்துக்கு மேல் விரியக் கூடாது என்று பொறித்திருப்பார்கள். அந்த எல்லையைத் தாண்டினால், அல்லது வெடிப்பு இருந்தால், அதைச் சீவக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். வலதைச் சீவினால் இடதையும் சீவுங்கள். இரு பக்கப் பிடியும் ஒத்திருக்க வேண்டும்.

கலிப்பர் ஊசிகளைத் துடைத்து, பிறேக்குக்கென்று உள்ள, சூடு தாங்கும் கிறீஸ் இட்டார். சாதாரண கிறீஸ் இறப்பரைக் கெடுக்கும். பாட்கள் நல்லவையாக இருந்தமையால் அவற்றின் முகத்தைச் சமதளத்தில் சாண்ட் பேப்பர் வைத்து மெல்லத் தேய்த்து மீண்டும் போட்டார்.

சில்லைப் பூட்டும்போது நட்டுகளை வரிசையாக இறுக்கக் கூடாது. ஒன்றை இறுக்கினால் அடுத்து அதற்கு எதிரே உள்ளதை இறுக்க வேண்டும். முதற் சுற்றில் பாதி, இரண்டாம் சுற்றில் முழுவதும். ஸ்பனரில் நீளக் குழாயை மாட்டி ஏறி மிதிப்பதும் தவறு. ஒரு பக்கம் அளவுக்கு மிஞ்சி இறுகினால் நல்ல டிஸ்க்கும் நெளியும். ஏறத்தாழ 100 கி.மீ. ஓடிய பின் நட்டுகளை மறுபடி பார்க்க வேண்டும்.

புதிதாகச் சீவிய டிஸ்க்கைப் பழக்கவும் வேண்டும். வெறும் தெருவில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 15 கி.மீ. வரை நிதானமாகக் குறைத்து, இடையிடையே சிறிது தூரம் ஆறவிட்டு, பத்துப் பன்னிரண்டு தடவை செய்தால் போதும். அந்த நேரம் முற்றாக நிறுத்திப் பெடலை மிதித்தபடி இருக்கக் கூடாது.

பின் ட்றம்மில் குறை என்றால்

ட்றம்மைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் தூளை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதாதீர்கள். பழைய லைனர்களில் கல்நார் உண்டு. அதன் தூள் நுரையீரலில் தங்கிப் பல வருடங்களின் பின் நோயைத் தரும். தண்ணீரால் நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள். பிள்ளைகளை அருகே விட வேண்டாம்.

லைனர் ஈரமாக மினுங்கினால், வீல் சிலிண்டரிலிருந்து பிறேக் ஒயிலோ அச்சிலிருந்து கியர் ஒயிலோ கசிகிறது. எண்ணெய் பட்ட லைனர் சில நேரம் வழுக்கும், சில நேரம் திடீரென்று கவ்வும். மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்துப் போடுவது பயனற்றது. ஊறிய எண்ணெய் சூட்டில் மீண்டும் வெளியே வரும். முதலில் கசிவை நிறுத்தி, பின்னர் இரு பக்க லைனர்களையும் மாற்றுங்கள்.

பிறேக் ஒயில் குறைந்தால் அந்த வாகனத்துக்கு உரிய பிறேக் ஒயிலை மட்டும் விடுங்கள். இயந்திர ஒயில் ஒரு துளி விட்டாலும் உள்ளே உள்ள இறப்பர்கள் வீங்கிப் பிறேக் முழுவதும் பழுதாகிவிடும். திறந்து பல மாதம் வைத்த போத்தலையும் பாவிக்க வேண்டாம். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிடும். டொட் 3 வகைப் பிறேக் ஒயிலுக்குரிய தரத்தின்படி, அது புதிதாக இருக்கும்போது 205 பாகை வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140 பாகையாகக் குறைகிறது. கொதித்தால் பெடல் வெறுமையாக இறங்கும்.

உழவு இயந்திரம் வைத்திருப்போருக்கு

நான்கு சில்லு உழவு இயந்திரங்களில் இடதுக்கு ஒன்றும் வலதுக்கு ஒன்றுமாக இரண்டு பிறேக் பெடல்கள் உண்டு. வயலில் திருப்புவதற்கு அவை பிரிந்திருக்க வேண்டும். தெருவுக்கு ஏறும்போது இரண்டையும் கட்டாயம் கொளுவிவிடுங்கள். கொளுவியும் ஒரு பக்கம் இழுத்து உதறினால், இரண்டின் பிடியும் ஒத்தில்லை. சரிசெய்யாமல் பெட்டியைப் பூட்டிப் பாரம் ஏற்ற வேண்டாம். சேற்று வயலிலிருந்தோ வாய்க்காலிலிருந்தோ ஏறியதும், வேகம் எடுக்க முன்னர் மெதுவாகச் சில தடவை பிறேக்கை மிதித்து ஈரத்தைப் போக்குங்கள்.

பழக்கத்தினால் வரும் உதறல்

வன்னித் தெருக்கள் சமதளம். இங்கே ஓடிப் பழகிய சாரதிகள், 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கு ஹயர் போகும்போது, இறக்கத்தில் பெடலில் கால் வைத்தபடியே வருகிறார்கள். டிஸ்க்கும் ட்றமும் கொதிக்கின்றன. ஏறுவதற்குப் போட்ட அதே சிறிய கியரில் இறங்கினால், இயந்திரமே வாகனத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறேக்குக்கு ஓய்வு கிடைக்கும்.

கொதித்த பிறேக்கோடு நின்றதும் பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தால், பாட்டின் அச்சு டிஸ்க்கில் படியும். கொதித்த ட்றமில் கை பிறேக்கை முழுப் பலத்தோடு இழுத்து விட்டால், ஆறும்போது ட்றம் வட்டம் கெடலாம். சமதளத்தில் கியரில் விட்டு, சில்லுக்குக் கல் வைப்பது நல்லது. வாகனத்தை மாதக் கணக்கில் மழையில் நிறுத்துவதும் கூடாது. கிழமைக்கு ஒருமுறையாவது சிறிது தூரம் ஓட்டி, பிறேக் பிடித்துக் கறளைத் தேய்த்துவிடுங்கள்.

பயணிகளுக்கும் ஒரு வார்த்தை. வாகனம் உதறுவதை உணர்ந்தால் சாரதியிடம் சொல்லுங்கள். "அது அப்பிடித்தான்" என்பது பதில் அல்ல. அந்த ஆச்சி இறங்கிப் போனதனால்தான் இந்த வானின் குறை வெளிச்சத்துக்கு வந்தது.

அன்று பின்னேரம் வான்காரர் வானை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். 60 கி.மீ. வேகத்தில் பிறேக் பிடித்தும் ஸ்ரியறிங் அசையவில்லை. அவர் கொடுத்தது லேத் கூலியும் பெரியவரின் அரை நாட் கூலியும் மாத்திரம். ஒரு புதுப் பாகமும் வாங்கவில்லை. விற்கும் கதையை அவர் பின்னர் எடுக்கவேயில்லை.

புறப்படும்போது பெரியவர் ஒன்று சொன்னார்: "தம்பி, இனி ஆர் முன் சில்லைக் கழட்டினாலும் பக்கத்திலை நிண்டு பாரும். ஹப்பைச் சுரண்டச் சொல்லும். உம்மடை வானிலை ஏறுறது மற்றவையின்ரை பிள்ளையள்."

அடுத்த கிளினிக் நாளன்று, வான் முதலில் நின்றது அந்த ஆச்சியின் படலையடியில்.